ரங்கூன் தமிழர்களின் போன், கம்ப்யூட்டர் சந்தேகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்துத் தமிழ் வகுப்பு முடிந்ததும், பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் தாய் தகப்பன்மார் அப்படியே என் மேசைக்கு வந்து போனை நீட்டுவார்கள். "தம்பி, இது என்னமோ கேக்குது, கொஞ்சம் பாரு" என்பார்கள். வருஷக்கணக்கில் பார்த்துவிட்டேன், திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான். தன்லின், பெகு, மோல்மீன் பக்கமிருந்து வருபவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். அதனால் எழுதியே வைத்துவிட்டேன். தேவையான கேள்வியை மட்டும் படித்தால் போதும். ஆனால் முதல் கேள்வியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

போன் வாங்கிய கடையிலேயே ஜிமெயில், பேஸ்புக் எல்லாம் திறந்து கொடுத்துவிட்டார்கள். பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது. இதனால் தொந்தரவு வருமா?

வரும். இன்றைக்கு வராவிட்டால் போன் உடைகிற அன்றைக்கு வரும்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று நமக்குத் தெரியும். ஒரு காலத்தில் சிம் கார்டு லட்சக்கணக்கான கியாட் விலை. 2014-இல் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து 1,500 கியாட்டுக்கு சிம் விற்க ஆரம்பித்த பிறகுதான் சாதாரண வீடுகளுக்குப் போன் வந்தது. கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவர்கள் நேராக ஸ்மார்ட்போனுக்கு வந்தார்கள். ஈமெயில் என்றால் என்ன என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கடைப்பையனே ஒரு ஈமெயிலைத் திறந்து, வாயில் வந்த பாஸ்வேர்டைப் போட்டு, பேஸ்புக்கையும் திறந்து கையில் கொடுத்தான். கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. ஆனால் வீட்டுச் சாவி அவனிடம் இருக்கிறது, நீங்கள் உள்ளே குடியிருக்கிறீர்கள்.

ஒரு பெரியம்மா வந்தார். போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது. திரையில் பாதி கறுப்பு, மீதிப் பாதி வேலை செய்தது. "பேரன் பொறந்ததிலேருந்து எடுத்த படம் எல்லாம் இதுலதான் இருக்கு" என்று சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால், கணக்கை மீட்பதற்கான போன் நம்பர் என்ற இடத்தில் யாரோ ஒருவருடைய நம்பர். அந்தக் கடை மூடி நாலு வருஷம் ஆகிறது. திரை மீதியும் கறுப்பாவதற்குள் நம்பரை மாற்றினோம். அரை நாள் கழித்துப் போயிருந்தால் அந்தப் படங்களுக்கு வழியே இல்லை.

அதனால் போன் நன்றாக இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். செட்டிங்ஸில் கூகுள் என்று இருப்பதைத் தொடுங்கள். அதில் உங்கள் கணக்கு, அதற்குள் பாதுகாப்பு. மீட்பு நம்பரும் மீட்பு ஈமெயிலும் யாருடையவை என்று பாருங்கள். உங்கள் பெயரில், உங்கள் அடையாள அட்டையில் பதிந்த சிம் நம்பரைப் போடுங்கள். அப்புறம் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பழைய பாஸ்வேர்டு தெரியாதே என்று பயப்பட வேண்டாம். மறந்துவிட்டேன் என்பதைத் தொட்டால், ஏற்கெனவே உள்ளே இருக்கும் அதே போனின் திரைப்பூட்டை வைத்தே பல சமயம் புதிதாகப் போட விடும். வேறு போன்களில் அந்தக் கணக்கு திறந்திருக்கிறதா என்பதும் அதே பக்கத்தில் தெரியும். தெரியாத போன் இருந்தால் வெளியேற்றிவிடுங்கள். பேஸ்புக்கிலும் இதே வேலைதான்.

கூகுள் கணக்கை இரண்டு வருஷம் தொடாமலே விட்டால், கூகுளே அதை அழித்துவிடலாம். பழைய போனோடு மறந்துபோன கணக்கில் படங்கள் இருந்தால் இப்போதே ஒரு தடவை திறந்து பாருங்கள்.

பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வைக்கலாமா? கூடாது என்கிறார்களே?

எழுதி வையுங்கள். அறுபது வயதுக்காரர் பன்னிரண்டு எழுத்தை மனப்பாடம் செய்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. சாமி அலமாரியில் இருக்கும் நோட்டை உலகத்தின் அந்தக் கோடியில் இருக்கும் திருடன் எடுக்க முடியாது. போனுக்குள்ளேயே நோட்ஸில் எழுதுவதுதான் ஆபத்து. போன் போனால் இரண்டும் போகும். பர்ஸில் வைப்பதும் வேண்டாம்.

பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும். போன் நம்பர், பிறந்த வருஷம், பிள்ளை பெயர் வேண்டாம். தொடர்பில்லாத நாலு சொற்களைச் சேர்த்து எழுதினால் நினைவிலும் நிற்கும். ஈமெயிலுக்கு வைத்த பாஸ்வேர்டை வேறு எதற்கும் வைக்காதீர்கள். மற்ற எல்லாக் கணக்கையும் திறப்பது அந்த ஈமெயில்தான். கூகுளில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை, அதாவது பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் பூட்டைப் போட்டால் அவசரக் குறியீடுகள் என்று எட்டு இலக்கத்தில் பத்து எண்கள் கொடுப்பார்கள். அதையும் அதே நோட்டில் எழுதுங்கள். சிம் தொலைந்தாலும் உள்ளே போகலாம்.

வீட்டில் கூப்பிடுவது முருகேசன், அடையாள அட்டையில் மின் ஆங் என்ற பர்மியப் பெயர். எந்தப் பெயரில் கணக்குத் திறப்பது?

இந்தக் கேள்வியை வேறு ஊர்த் தமிழர் கேட்கமாட்டார்கள். நமக்கு இது அன்றாடப் பிரச்சினை.

ஈமெயிலையும் பணம் அனுப்பும் ஆப்பையும் அட்டையில் உள்ள பெயரிலேயே, பாஸ்போர்ட்டில் உள்ள அதே ஆங்கில எழுத்துக்கூட்டலில் திறங்கள். நாளைக்கு கணக்கு பூட்டிக்கொண்டால் அடையாளம் கேட்பார்கள். அப்போது காட்ட வேண்டியது அட்டைதான். பேஸ்புக்கிலும் அதுவே நல்லது. முருகேசன் என்பதைக் கூடுதல் பெயராகப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

பர்மியப் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது. படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். எப்படிப் பிரித்துப் போட்டாலும் சரி, ஒரே மாதிரி எல்லா இடத்திலும் போடுங்கள். பிரித்த விதத்தை நோட்டில் எழுதுங்கள். பிறந்த தேதியையும் பாருங்கள். கடையில் அவசரத்துக்கு ஜனவரி 1 என்று தட்டிவிட்டிருப்பார்கள். பிறகு சரிபார்ப்புக்குத் தேதி கேட்கும்போது உங்கள் உண்மையான பிறந்தநாளே செல்லாமல் போகும்.

மெட்ராஸிலிருந்து சொந்தக்காரர் அனுப்பிய கல்யாணப் பத்திரிகை, என் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது. கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை. எழுத்துரு இல்லை, அவ்வளவுதான்.

பாமினி, வானவில் மாதிரியான பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ்ப் படத்தை ஒட்டி வைத்தவை. பாமினியில் அம்மா என்று அடித்தால் கம்ப்யூட்டருக்குள்ளே பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இருக்கும் கம்ப்யூட்டரில் அது அம்மாவாகத் தெரியும். இல்லாத கம்ப்யூட்டரில் அந்த ஐந்தும் அப்படியே தெரியும். அச்சகத்துக்காரர்கள் இன்னும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். பத்திரிகையைப் பார்த்தால் மட்டும் போதுமென்றால் பிடிஎஃப் ஆகவோ படமாகவோ அனுப்பச் சொல்லுங்கள். திருத்த வேண்டுமானால் எழுத்துரு மாற்றி என்று தேடுங்கள், இலவசமாகவே கிடைக்கும். பழைய எழுத்துருவின் பெயரைத் தேர்ந்தெடுத்து ஒட்டினால் யூனிகோடாக, அதாவது எல்லா மெஷினுக்கும் பொதுவான எழுத்து முறையாக மாற்றித் தரும். மாற்றியதை ஒரு தடவை கண்ணால் படித்துப் பாருங்கள்; ஒற்றெழுத்துகள் அங்கங்கே இடறும்.

நம் பர்மிய எழுத்திலும் இதே கதைதான் நடந்தது. ஜோஜி எழுத்துருவில் அடித்தது யூனிகோடு போனில் வட்டமும் புள்ளியுமாகச் சிதறும். ஜோஜி பர்மிய எழுத்துக்கு ஒதுக்கிய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு, ஆனால் முறையை மாற்றிக்கொண்டது. மோன், ஷான், கரேன் எழுத்துகளுக்கென்று இருந்த இடங்களையும் அது எடுத்துக்கொண்டதால் அந்த மொழிக்காரர்கள் அடைந்த கஷ்டம் கொஞ்சமல்ல. 2019 அக்டோபர் 1 அன்று நாடு யூனிகோடுக்கு மாறுவதாக அறிவித்தார்கள். இன்னும் பழைய போன்களில் ஜோஜி இருக்கிறது.

ஏன் சிதறுகிறது என்று புரிய வேண்டுமானால் நம் கொம்பைப் பாருங்கள். கெ என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. ஆனால் சொல்லும்போது க-வுக்குப் பின்னால்தான் எகரம் வருகிறது. யூனிகோடு சொல்லும் வரிசையில் சேமிக்கும்: முதலில் க, பிறகு கொம்பு. காட்டும்போது மட்டும் கொம்பை முன்னால் வைக்கும். பாமினி கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கும். பர்மிய எழுத்தில் முன்னால் நிற்கும் ஏகாரக் குறியும் நம் கொம்பு மாதிரியேதான். ஜோஜி அதை முன்னால் சேமித்தது, யூனிகோடு பின்னால் சேமிக்கிறது. ஒன்றில் அடித்ததை மற்றொன்றில் திறந்தால் குறி பக்கத்து எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது.

இனி நீங்கள் அடிப்பதை இரண்டு மொழியிலும் யூனிகோடிலேயே அடியுங்கள். கோயில் கணக்கு, உறுப்பினர் பட்டியல் எல்லாம் பழைய எழுத்துருவில் இருந்தால், அடித்தவர் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். எந்த எழுத்துரு என்று அவருக்குத்தான் தெரியும்.

தமிழில் அடிப்பது எப்படி? என் மகளுக்குப் பேசத் தெரியும், எழுதத் தடுமாறுகிறாள்.

போனில் ஜிபோர்டு கீபோர்டின் மொழிப் பட்டியலில் தமிழையும் பர்மியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கீழே இருக்கும் பூகோளப் படத்தைத் தொட்டால் மொழி மாறும். முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் கீபோர்டும் நல்லது. கம்ப்யூட்டரில் விண்டோஸின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99, அஞ்சல் என்று இரண்டு முறையும் தயாராகவே இருக்கும். விண்டோஸ் பட்டனையும் ஸ்பேஸ்பாரையும் சேர்த்து அழுத்தி மாற்றலாம்.

ஆங்கில எழுத்தில் அம்மா என்று அடித்துத் தமிழாக்குவது அஞ்சல் முறை. சீக்கிரம் வந்துவிடும். ஆனால் மகளுக்குத் தமிழ் 99-ஐத்தான் நான் சொல்வேன். உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யெழுத்து வலது கைக்கு. க-வை இரண்டு தடவை அடித்தால் க்க என்று புள்ளியைத் தானே வைத்துக்கொள்ளும். அதில் பழகும் பிள்ளைகள் தமிழைத் தமிழாகவே யோசித்து எழுதுவதை வகுப்பில் கண்ணால் பார்க்கிறேன். ஆங்கில வழியாகப் போகும் பிள்ளைகள் ல, ள, ழ மூன்றிலும் தடுமாறுகிறார்கள்.

எழுதவே வராத பெரியவர்கள் கீபோர்டில் இருக்கும் மைக்கைத் தொட்டுப் பேசட்டும். தமிழ் நன்றாகவே விழும். பர்மியச் சொல் கலந்தால்தான் குழம்பும்.

தமிழில் மெசேஜ் அனுப்பினால் காசு அதிகம் பிடிக்கிறதே?

வைபரில், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வித்தியாசம் இல்லை. சாதாரண எஸ்எம்எஸ்ஸில் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து. தமிழோ பர்மியமோ ஓர் எழுத்து கலந்தாலே 70 ஆகிவிடும். வணக்கம் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, மெசேஜ் கணக்கில் ஏழு, புள்ளிகளையும் தனியாக எண்ணுவதால். நாலு வரி எழுதினால் மூன்று மெசேஜாகப் பிரிந்து மூன்றுக்கும் காசு போகும்.

கரண்ட் எப்போது போகும் என்றே தெரியவில்லை. கம்ப்யூட்டரையும் இன்டர்நெட்டையும் எப்படிக் காப்பாற்றுவது?

மூன்று தனித்தனி விஷயம் இது: செய்த வேலை, மெஷின், லைன்.

வேலையைக் காப்பாற்ற, ஒவ்வொரு பத்தி முடிந்ததும் கன்ட்ரோலோடு எஸ். கை தானாகப் போகிற அளவுக்குப் பழகுங்கள். வேர்டு தானாகச் சேமிப்பது பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. ஆப்ஷன்ஸில் சேவ் என்ற இடத்தில் அதை இரண்டு நிமிஷமாக மாற்றிவிடுங்கள். புதிதாக வாங்குவதென்றால் மேசைக் கம்ப்யூட்டரை விட லேப்டாப் நமக்கு நல்லது, பேட்டரி உள்ளேயே இருக்கிறது. மேசைக் கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் என்ற பேட்டரிப் பெட்டி கட்டாயம். அது வேலை செய்வதற்கென்று இல்லை, ஒழுங்காக மூடுவதற்கு. கரண்ட் போனதும் யுபிஎஸ் கத்தும். கத்தினதும் சேமித்து மூடுங்கள்.

மெஷினுக்கு ஆபத்து கரண்ட் போகும்போது வருவதை விட, திரும்பி வரும்போதுதான் அதிகம். வந்த முதல் நிமிஷத்தில் வோல்டேஜ் ஏறி இறங்கும். கரண்ட் போனதும் பிளக்கை உருவிவிடுங்கள். வந்து ஐந்து நிமிஷம் பொறுத்து, விளக்கு துடிக்காமல் எரிகிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். நடுராத்திரி கரண்ட் வரும் வீடுகளில் எல்லாவற்றையும் மாட்டிவிட்டுத் தூங்கப் போகிறார்கள். போர்டு எரிந்து வருபவை பெரும்பாலும் அந்த வீட்டு மெஷின்கள்தான். ஸ்டெபிலைசர் இருந்தால் நல்லது.

லைனுக்கு, ஃபைபர் வைத்திருப்பவர்கள் ரூட்டரின் அடாப்டரைத் திருப்பிப் படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் என்று இருக்கும், சிலதில் 9. அதே வோல்ட் கொடுக்கும் சின்ன மினி யுபிஎஸ் மின்சாமான் கடையில் கிடைக்கும். வோல்ட் மாறினால் ரூட்டர் போய்விடும், அதனால் அடாப்டரைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். ஃபைபர் பெட்டி தனி, ரூட்டர் தனி என்றால் இரண்டுக்கும் வேண்டும்.

இன்னொன்று. லேப்டாப் பேட்டரி உப்பி, கீபோர்டு மேலே தூக்கினால் உடனே நிறுத்துங்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், தீப்பிடிக்கும்.

கடையில் வாடிக்கையாளர் பணம் அனுப்பிவிட்டேன் என்று போனைக் காட்டுகிறார். நம்பலாமா?

அவர் போனை நம்பாதீர்கள், உங்கள் போனைத் திறந்து பாருங்கள்.

இட்லிக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன் ஒரு மாசத்தில் மூன்று தடவை இப்படி ஏமாந்தார். காலை ஏழு மணி, கூட்டம், ஒரு கையில் கரண்டி. எதிரே ஒருவர் பச்சை டிக் போட்ட ரசீதை நீட்டுகிறார், தொகை சரி, பெயரும் சரி. "சரி தம்பி, போ" என்கிறார். அந்த ரசீது நேற்று எடுத்த படம், தேதியை மட்டும் மாற்றியது. படத்தில் எழுத்தை மாற்றுவது இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த வேலை.

இப்போது அவர் பழைய போன் ஒன்றைக் கல்லாப்பெட்டிக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அதில் கடைக்கென்று தனிக் கணக்கு. பணம் வந்தால் அது சத்தம் போடும். சத்தம் வந்தால்தான் பார்சல். நெட் இல்லாத நேரத்தில் ரொக்கம்தான் வாங்குகிறார். க்யூஆர் அட்டையை மேலே கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார். வெளியே ஒட்டினால் அதன்மேல் வேறு ஒருவர் தன் க்யூஆரை ஒட்டிவிட்டுப் போக முடியும். நீங்களும் காலையில் கடை திறந்ததும் ஒரு தடவை ஸ்கேன் செய்து உங்கள் பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள்.

"தப்பாக உங்களுக்கு அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்று யாராவது கூப்பிட்டாலும் இதேதான். வந்ததா என்று ஆப்புக்குள் வரவுக் கணக்கில் பாருங்கள், எஸ்எம்எஸ்ஸை வைத்து முடிவு செய்யாதீர்கள். உண்மையாகவே வந்திருந்தால் சேவை மையத்துக்குப் போன் செய்து அவர்கள் வழியாகத் திருப்புங்கள்.

அக்கா வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க எண் ஒன்று வந்திருக்கும், சொல் என்று கேட்கிறாள். சொல்லலாமா?

சொல்லாதீர்கள். கேட்பது அக்கா இல்லை. அக்காவின் கணக்கைப் பிடித்த ஒருவன் இப்போது உங்கள் கணக்கைத் திறக்கப் பார்க்கிறான். அந்த எண் உங்கள் வாட்ஸ்அப்பை வேறு போனில் திறக்கும் சாவி. கொடுத்தால் அடுத்த பத்து நிமிஷத்தில் உங்கள் பெயரில் சொந்தக்காரர் எல்லோரிடமும் பணம் கேட்பான்.

அக்காவைச் சாதாரணப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லுங்கள். அப்புறம் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் கணக்கு என்பதற்குள் இரண்டடுக்குச் சரிபார்ப்பைத் திறந்து ஒரு ஆறு இலக்க பின் போடுங்கள். அது இருந்தால் எஸ்எம்எஸ் எண் மட்டும் வைத்து யாரும் உள்ளே வர முடியாது. டெலிகிராமிலும் உண்டு, போட்டுவிடுங்கள். பரிசு விழுந்தது, கணக்கு முடங்கப் போகிறது என்று சொல்லி ஓடிபி, அதாவது இப்படி ஒரு தடவைக்கு மட்டும் வரும் எண்ணைக் கேட்கும் எந்த அழைப்புக்கும் இதே பதில்தான். எந்த வங்கியும் போனில் கூப்பிட்டு ஓடிபி கேட்காது.

ஊரில் இருக்கும் தம்பி மகனுக்குத் தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலையாம். டெலிகிராமில் பேசி முடித்துவிட்டார்கள். நல்ல சம்பளம். போகச் சொல்லலாமா?

தயவுசெய்து நிறுத்துங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு நம்மளவுக்கு இது தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

பாங்காக்கில் இறக்கி, எல்லையில் இருக்கும் மே சோட் வரை காரில் கொண்டுபோய், ஆற்றைக் கடத்தி நம் பக்கத்து மியாவடியில் கொண்டுவிடுவார்கள். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்வார்கள். அங்கே வேலை என்பது, நான் மேலே எழுதிய மோசடிகளைப் பூட்டிய அறையில் உட்கார்ந்து செய்வதுதான். மாட்டேன் என்றால் அடி. 2022 அக்டோபரில் அங்கிருந்து மீட்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் சென்னைக்குத் திரும்பினார்கள். 2025 மார்ச்சில் நூற்றுக்கணக்கான இந்தியர்களை மே சோட் வழியாக இந்திய விமானப்படை விமானங்களில் கூட்டிப்போனார்கள்.

சுற்றுலா விசாவில் தாய்லாந்தில் வேலை செய்ய முடியாது. டிக்கெட்டை அவர்களே போட்டு, விசா அப்புறம் என்று சொன்னாலே சந்தேகப்படுங்கள். இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இமைகிரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இருக்கிறதா என்று தம்பியையே பார்க்கச் சொல்லுங்கள். குரல் பதிவில் சொல்வதை விட நேரில் கூப்பிட்டுப் பேசுங்கள்.

இலவச விபிஎன் போடலாமா?

விபிஎன் என்பது முடக்கிய தளத்துக்கு வேறொருவர் கம்ப்யூட்டர் வழியாகச் சுற்றிக் கொண்டுபோகும் ஆப். 2021 பிப்ரவரியிலிருந்து இங்கே பேஸ்புக் முடக்கப்பட்டதால் எல்லோரும் கேட்கிறார்கள். எதைப் போடுங்கள் என்று நான் பெயர் சொல்வதில்லை. அனுமதி இல்லாமல் விபிஎன் சேவை நடத்துவதற்கு எதிராக 2025 ஜனவரியில் வந்த சட்டத்தில் தண்டனை இருக்கிறது, அதை மனதில் வையுங்கள். கம்ப்யூட்டர்க்காரனாக நான் சொல்ல முடிந்தது இதுதான்: நீங்கள் போகிற இடமெல்லாம் விபிஎன் நடத்துபவருக்குத் தெரியும். காசு வாங்காதவர் வேறு எதையாவது விற்றுத்தான் பிழைக்கிறார். காண்டாக்ட், எஸ்எம்எஸ் எல்லாம் பார்க்க அனுமதி கேட்டால் அதை அழித்துவிடுங்கள். விபிஎன் ஓடும்போது பண ஆப்பைத் திறக்காதீர்கள்.

நெட் இல்லாமலே போனிலிருந்து போனுக்கு அனுப்பும் ஜாப்யா வழியாக நண்பரிடமிருந்து ஆப்பை வாங்கிக்கொள்வது சரியா? டேட்டா மிச்சமாகிறதே?

படம், பாட்டுக்கு ஜாப்யா சரி. ஆப்புக்கு வேண்டாம், முக்கியமாகப் பண ஆப்புக்கு. கையிலிருந்து கைக்கு வரும் ஏபிகே கோப்பை, அதாவது ஆப்பைப் போனில் ஏற்றும் கோப்பை, நடுவில் யார் திருத்தினார் என்று தெரியாது. கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே வந்தால் அது பத்திரிகையே இல்லை. டேட்டா மிச்சப்படுத்த, வைபரிலும் வாட்ஸ்அப்பிலும் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். குடும்பக் குழுக்களின் காலை வணக்கப் படங்களே பாதி டேட்டாவைத் தின்கின்றன.

விண்டோஸ் 10 இன்னும் ஓடுகிறது. மாற்ற வேண்டுமா?

2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. கம்ப்யூட்டர் இடம் கொடுத்தால் 11-க்கு மாறுங்கள். இடம் கொடுக்காவிட்டால், கடிதம் அடிக்க, கணக்கு எழுத வைத்துக்கொள்ளுங்கள். பணம் சம்பந்தப்பட்டதை அதில் செய்யாதீர்கள். கடையில் போட்டுத்தரும் திருட்டு விண்டோஸ் இதை விட மோசம்.

தாத்தா காலத்துப் படங்களும் கடிதங்களும் இருக்கின்றன. கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்பது எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இதற்கென்று எவ்வளவு நேரமானாலும் உட்காருவேன்.

1964-க்குப் பிறகு கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டதால் கப்பலேறி இந்தியாவுக்குப் போன குடும்பங்கள் எத்தனை! அண்ணன் சென்னை வியாசர்பாடியில், தங்கை இங்கே. கல்யாணப் படத்தின் ஒரு பிரதி அங்கே, மற்றொன்று இங்கே டிரங்குப் பெட்டியில். 2008 மே மாதம் நர்கீஸ் புயலில் கூரை போன வீடுகளில் அந்தப் பெட்டிகளும் நனைந்தன. என் பாட்டியின் கடிதக் கட்டில் மேலே இருந்த பாதி கூழாகிவிட்டது. இங்க் நீலமாகப் பரவி, ஊர்ப் பெயர் மட்டும் தெரிந்தது. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மண்டலேயில் வீட்டோடு எத்தனை ஆல்பம் போயிற்றோ.

ஸ்கேனர் இருந்தால் சின்னப் படங்களை 600 டிபிஐயில் எடுங்கள். இல்லாவிட்டால் போனே போதும். காலை ஒன்பது மணிக்கு ஜன்னல் ஓரம், நேர்வெயில் படாத இடத்தில், வெள்ளைத் துணி விரித்துப் படத்தை வையுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். போனை நேர்மேலே பிடித்து எடுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் எடுக்க மறக்காதீர்கள். ஸ்டூடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும். ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல் அப்படியே எடுங்கள்.

அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், முழுத்தரம் போகும்.

பெயரை மாற்றுங்கள். கேமரா வைக்கும் எண்ணை விட்டுவிட்டு, வருஷம், ஊர், யார் என்று எழுதுங்கள்: 1958 தட்டோன் பெரியப்பா கல்யாணம். யார் என்று தெரியாத முகங்களுக்கு வீட்டில் மூத்தவரை உட்காரவைத்துப் படத்தைக் காட்டி, அவர் பேசுவதைப் போனில் பதிவு செய்யுங்கள். ஓர் அத்தை ஒரே படத்தை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசினார். பின்வரிசையில் மூன்றாவதாக நிற்பவர் முறையில் யார் என்பது அந்தப் பதிவில் மட்டும்தான் இருக்கிறது.

வைக்கும் இடம் மூன்றாக இருக்கட்டும். ஒன்று கம்ப்யூட்டர். இரண்டு, வெளி ஹார்டு டிஸ்க். மழைக்காலத்துக்கு ஜிப் பையில் சிலிக்கா பொட்டலத்தோடு போட்டு, முடிந்தால் வேறு வீட்டில் வையுங்கள். மூன்று, கூகுளில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி, அல்லது இந்தியாவில் இருக்கும் சொந்தக்காரரின் கம்ப்யூட்டர். பென் டிரைவில் மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

பழைய போனை விற்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

முதலில் படங்களை எடுத்துவிடுங்கள். பிறகு கூகுள் கணக்கிலிருந்தும் பண ஆப்பிலிருந்தும் வெளியேறுங்கள். மெமரி கார்டையும் சிம்மையும் உருவுங்கள். கடைசியாக செட்டிங்ஸில் எல்லாவற்றையும் அழிக்கும் ரீசெட். ஒன்றொன்றாக அழித்தால் திரும்ப எடுத்துவிடுவார்கள். நீங்கள் பழைய போன் வாங்குவதென்றால், ஸ்டார், ஹாஷ், 06, ஹாஷ் அடித்தால் வரும் ஐஎம்ஈஐ என்ற போனின் அடையாள எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். விற்றவர் கணக்கு உள்ளேயே இருந்தால் பணம் கொடுக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் என்ன கொண்டு வர வேண்டும்?

போன், அதன் சார்ஜர், பதிந்த சிம் வேறு போனில் இருந்தால் அந்தப் போனும், அடையாள அட்டை, ஒரு நோட்டு, பேனா. கரண்ட் இருக்காது என்று நினைத்து முழுச் சார்ஜோடு வாருங்கள். பெரியவர்களை அனுப்பும்போது கூட ஒரு பிள்ளையை அனுப்புங்கள்; நான் சொல்வதை நோட்டில் அந்தப் பிள்ளை எழுதட்டும், தமிழிலேயே.